லயத்துச் சுவரில் ஒட்டிய தமிழ் நேசன்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் குன்றின் மேலிருக்கும் 'மூன்லைட்' பங்களாவிலிருந்து பிற்பகலில் உலாவப் போன ஜிம் தாம்சன் திரும்பி வரவே இல்லை. தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்ற அமெரிக்கர் அவர். போலீஸ் தேடியது, ராணுவம் தேடியது, காட்டை உள்ளங்கையாக அறிந்த பூர்வகுடி மக்களும் தேடினார்கள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. கேமரன்மலைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது.

அந்தக் கதையில் விட்டுப்போகும் செய்தி ஒன்று உண்டு. ஜிம் தாம்சன் பழைய வீடுகளின் மேல் பித்துக் கொண்டவர். ஆறு பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, பேங்காக்கில் ஒரு கால்வாய்க் கரையில் ஒரே வீடாகக் கூட்டிக் கட்டி 1959இல் குடிபுகுந்தார். கட்டும்போது சுவர்ப் பலகைகளை உள்வெளியாகத் திருப்பிப் பொருத்தினார். தெருவைப் பார்த்திருந்த வேலைப்பாடு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

பலகையின் எந்தப் பக்கம் கண்ணில் பட வேண்டும் என்பதைப் பழைய அறையில் கை வைக்கிற எவரும் முடிவு செய்தாக வேண்டும். கேமரன்மலையில் அந்த முடிவு இத்தனை வருடமாக ஒரே தரப்பின் பக்கமே சாய்ந்திருக்கிறது.

மூன்லைட் பங்களா நல்ல நிலையில் நிற்கிறது. பயணிகள் பணம் கட்டி அதில் தங்குகிறார்கள். கோல்ப் திடலை ஒட்டி 1930களில் எழுந்த ஸ்மோக்ஹவுஸ், வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச் சட்டமுமாக இன்னும் இங்கிலாந்துக் கிராமத்தை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே கணப்பு, பித்தளைச் சாமான், பூப்போட்ட திரைச்சீலை என்று எதுவும் குறையவில்லை. துரைமார் பிள்ளைகளுக்காக கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார் 1934இல் இங்கே திறந்த டாங்லின் பள்ளியின் கட்டடம் பின்னாளில் தங்கும் விடுதியானது. இவற்றைக் கட்டிக் காத்ததில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. அருமையான வேலை, ஒவ்வொரு சன்னல் கொக்கிக்கும் யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணப்புக்கு விறகு பிளந்து போட்டவர் ராத்திரி எந்த அறையில் படுத்தார்? அதைக் காட்டத்தான் ஓர் அறை தேவைப்படுகிறது.

வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை அளக்க வந்தது 1885இல். தாப்பாவிலிருந்து மலைச்சாலை மேலே வந்து சேர 1931 ஆகிவிட்டது. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கும்போது சாலையே முடியவில்லை. காடு அழித்து, நிற்கவே கால் வழுக்கும் சரிவில் குழி வெட்டி, கன்று நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்து, கங்காணி போய் ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் காலம் அது. அதற்கும் 1938இல் இந்திய அரசு தடை போட்டது. ஆக மலைக்கு ஆள் வந்து சேர்ந்த காலம் மிகக் குறுகியது. அந்தக் குறுகிய காலத்தில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று பிரிஞ்சாங் கடைத்தெருவிலும் தானா ராத்தா பஸ் நிலையத்திலும் நாம் பார்க்கும் தமிழர்களில் பலர்.

அவர்களை வைத்த இடம் லயம். நீளமாக ஒரே கூரை, கதவுக்கு ஒரு குடும்பம், முன்னால் அஞ்சடி, பின்னால் குசினி. மலேசியத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலருக்குத் தொப்புள்கொடி விழுந்த இடமே அதுதான். கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்து லயத்தில் வெக்கையோடு மல்லுக்கட்ட வேண்டும். இங்கே குளிர். பகலில் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம், ராத்திரி பதினைந்துக்கு இறங்கும், மாலையானால் மூடுபனி வாசல்வரை வந்துவிடும். பலகைச் சுவரும் தகரக் கூரையும் இந்தக் குளிருக்குப் பொருந்துகிற வீடு அல்ல. இருந்தும் அதில் மூன்று தலைமுறை வாழ்ந்தது.

எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஒரு சுவரில் பார்த்தேன். பிரிஞ்சாங்கிலிருந்து இறங்கும் ஒரு தோட்டத்தில், ஆள் குடியில்லாத ஓர் அறையை, அங்கேயே பிறந்து கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி எனக்குத் திறந்துவிட்டார். கதவு தரையில் உரசித்தான் திறந்தது. உள்ளே நாலு பக்கமும் சுவர் முழுக்கத் தாள். தமிழ் நேசன். அடுப்புப் புகையில் பழுத்துக் கறுத்துப் போயிருந்தது. ஒரு மூலையில் மேல்தாள் கிழிந்து தொங்கியது. அங்கே ஒரு சினிமா விளம்பரத்தில் பாதி முகம், அதற்குக் கீழே ரப்பர் விலை, அதற்கும் கீழே யாருடைய கலியாண அறிவிப்போ. ஓரத்தைத் தொட்டால் அட்டைக் கனம் இருந்தது.

"எதுக்கு பாட்டி இவ்வளவு பேப்பர் ஒட்டினீங்க?"

"காத்துக்குத்தான்யா. பலகை காஞ்சா இடுக்கு விட்டுடும். ராத்திரில ஊசியா குத்தும். கிராணி வீட்ல பழைய பேப்பர் கேட்டு வாங்கியாந்து, கோதும மாவு காய்ச்சி ஒட்டுவோம். தீபாவளிக்குத் தீபாவளி."

"பழசக் கிழிச்சிட்டு ஒட்டுவீங்களா?"

"ஐயோ, கிழிக்கக் கூடாது. அது மேலயே ஒட்டணும். தடிப்பா இருந்தாத்தான குளிரு அடங்கும்? எங்கம்மா ஒட்டுனது கூட அடில இருக்கும், பாரு."

தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ். அந்தப் பாட்டிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவருடைய அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் தங்கள் வீட்டின் வயதை வருடவாரியாக, தேதி போட்டுச் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல ஆவணத்தை எந்தக் கந்தோரிலும் தேட முடியாது. அடுத்து இந்த லயத்தை இடிக்கும்போது ஒரே ஒரு மண்வாரி இயந்திரம் அரை நாளில் அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிடும்.

இடிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. லயத்தில் யாரும் குடியிருக்க வேண்டாம். மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ் பிள்ளை பெற்றவர்களிடம் போய் பாரம்பரியம் என்று பேசுவது கொடுமை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்லும் சட்டம் 1990இல் வந்தது. கல்வீடுகள் வந்தன, வரவும் வேண்டும். இன்று கொழுந்தெடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் நல்ல கூரை வேண்டும். நான் கேட்பது ஆள் குடியிருக்காத ஒரே ஓர் அறை, அது நின்ற இடத்திலேயே.

இடம் முக்கியம். கியா பார்ம் பக்கம் டைம் டனல் என்று ஒரு தனியார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக்காலக் காப்பிக்கடை, முடிவெட்டும் கடை, சமையற்கட்டு என்று பழம்பொருட்களைத் தேடிச் சேர்த்து அடுக்கியிருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் சேர்த்து வைத்த பொருட்களிடம் கேட்க முடியாத கேள்விகள் சில உண்டு. குழாயடி எத்தனை எட்டு தூரம்? துரை பங்களாவின் சன்னலிலிருந்து லயத்து வாசல் தெரியுமா? பக்கத்து வீட்டில் பிள்ளை இருமினால் இங்கே கேட்குமா? அறை நின்ற இடத்தில் நின்றால்தான் இதற்கெல்லாம் பதில் கிடைக்கும்.

சரி, எப்படி மீட்பது? நல்லெண்ணத்தோடு கெடுத்துவிடுகிற வேலை இது. முதலில் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும்: கழுவிவிடுவோம், சுரண்டுவோம், ஒரு கோட்டு சாயம் அடிப்போம் என்று. இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யக் கூடாது. சுவரிலிருக்கும் கரியைத் துடைத்தால் அடுப்பு எங்கே இருந்தது, புகை எந்தப் பக்கம் போனது, சாமிப்பலகையில் படம் எந்த இடத்தை மறைத்தது என்ற தடயம் போய்விடும். படம் தொங்கிய இடத்தில் தாள் வெளுப்பாக, சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரத்தை வைத்தே எந்த அளவுப் படம் மாட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

தாளைத் தொடும் முன் சுவர் முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் படம் எடுக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்தால் கீழ்த்தாளின் விளிம்புகள் நிழல் கட்டித் தெரியும். உரிப்பதென்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும், இளநீராவி காட்டி, மாவுப் பசை இளகும்வரை பொறுத்து, அடுக்கடுக்காக எடுத்துப் படிக்கட்டுபோல விட வேண்டும். அது போதும், மிச்சம் சுவரிலேயே இருக்கட்டும். செய்தித்தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. வெளிச்சம் படப்படப் பழுத்து நொறுங்கும். அதனால் சன்னலுக்குத் திரை கட்டாயம்.

அடுத்தது மரம். பலகை எப்போதும் அடியிலிருந்துதான் உளுத்துப்போகும். சிமெண்டுத் தரையைத் தொட்டு நிற்கும் முனை தண்ணீரை உறிஞ்சும். அந்த முனையைச் சுற்றி மேலும் சிமெண்டைக் குழைத்து அப்பி 'கெட்டி' பண்ணுவது தோட்டங்களில் பார்த்துப் பார்த்து சலித்த வைத்தியம். ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் இன்னும் சீக்கிரம் மக்கும். கெட்டுப்போன அடிப்பகுதியை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தில், அதே நார்வாக்கில், சாய்வாகச் சீவி ஒட்டுப்போட வேண்டும். புதுத்துண்டைப் பழசு மாதிரிக் கறுக்க வைக்கத் தேவையில்லை, புதுசு என்று தெரியலாம். கூரைத் தகரம் ஆணித் துளையில்தான் முதலில் துருவேறும். துளை பெருத்த தகரத்தை மட்டும் மாற்றினால் போதும், கூரை முழுவதையும் பிடுங்கிப் பளபளவென்று போட்டுவிட்டால் அறையில் மழைச் சத்தமே வேறாகிவிடும்.

இன்னொரு சேதி ஒரு தச்சர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. வருடம் முழுக்க மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் இந்தப் பலகைகள் அறுபது எழுபது வருடம் எப்படித் தாங்கின? விறகடுப்பு. காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம், தினமும் அந்த அறையை உலர்த்தியது அதுதான். கேஸ் அடுப்பு வந்தது, பிறகு ஆளே போய்விட்டார்கள். பூட்டிய வீடு நாலைந்து மழைக்காலத்தில் சரிந்தது அதனால்தான்.

கூலிக்காரர் அறையை இப்படி மினக்கெட்டு மீட்பார்களா என்று கேட்கலாம். மீட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுந்த ஒண்டுக்குடித்தன வீடு. பிழைக்க வந்த சுமார் 7,000 பேர் அதில் அடுத்தடுத்து வாழ்ந்து போனார்கள். 1935இல் குடித்தனக்காரர்களை வெளியேற்றி மாடிகளைப் பூட்டிவிட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, 1988இல், ரூத் ஆப்ரம், அனிதா ஜேக்கப்சன் என்ற இரண்டு பெண்கள் அதைத் திறந்து அருங்காட்சியகம் ஆக்கத் துணிந்தார்கள். உள்ளே சுவர்த்தாள் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. அதை ஆராய்ந்தார்கள், குடியிருந்தோர் பதிவேடுகளைத் துழாவினார்கள், ஒவ்வொரு வீட்டையும் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின், குறிப்பிட்ட வருடத்தின் வீடாக மீட்டார்கள். தையல் வேலை செய்த ஒரு குடும்பத்தின் அறை அது வீடாகவும் பட்டறையாகவும் இருந்தபடியே இருக்கிறது. சில அறைகளைக் கண்டெடுத்த கோலத்திலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது இந்தக் கடைசி முடிவால்தான்.

நமக்குப் பக்கத்திலேயே, நம் ஆட்களே செய்ததும் உண்டு. இலங்கையில் கம்பளை அருகே பழைய பீக்காக் தோட்டத்தில், கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. திறந்த இடம் ஒரு பழைய லயம். மலையகத்தார் புழங்கிய பாத்திரம் பண்டம், தப்பு முதலான வாத்தியங்கள், வேலைக் கருவிகள், பழைய காகிதங்கள் எல்லாம் அந்த அறைகளிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. இலங்கை லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று புத்தகத்தில் படித்தால் அது வெறும் எண். அந்த அறைக்குள் பத்துப் பேர் சேர்ந்து நுழைந்து பார்த்தால் பதினோராவது ஆள் வாசலில் நிற்க வேண்டிவரும்போதுதான் உறைக்கும்.

காசு இல்லாத கதை இல்லை இது. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டிக்கு விட்டுச் சேர்த்த பணத்தில் செட்டிநாட்டில் எழுந்த முகப்புகளும் வளவுகளும் இன்று முட்டை வெள்ளைக்கருப் பூச்சு மங்காமல் விடுதிகளாகியிருக்கின்றன. காரைக்குடி பங்களாவிலும் கானாடுகாத்தான் விசாலத்திலும் வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். பினாங்கில் சோங் ஃபாட் ஸீயின் நீல மாளிகையை மீட்ட வேலைக்கு 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ விருதே கிடைத்தது. கடல் தாண்டி வந்த முதலாளியின் கூடத்துக்கு இவ்வளவு கைகள் சேர்ந்தன. அதே கடலைத் தாண்டி வந்தவரின் குசினிக்கும் சேரட்டும்.

மீட்பதென்றால் எந்த வருடத்துக்கு மீட்பது என்பதில் பெரிய வாதம் வரும். வரட்டும். 1930கள் என்றால் கங்காணியும் அரிக்கன் விளக்கும். 1942க்குப் பின் என்றால் மரவள்ளிக் கிழங்கும் சயாம் ரயிலுக்குப் போனவர்களின் காலி இடமும். அவசரகாலம் என்றால் லயத்தைச் சுற்றி முள்வேலியும் அளந்து கொடுத்த அரிசியும். நான் 1970ஐக் கேட்பேன். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. நீல அடையாளக் கார்டு வைத்திருந்தவர் தப்பினார், சிவப்புக் கார்டு வைத்திருந்தவர் தவித்தார். இங்கேயே பல் முளைத்துப் பல் விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டி ஊருக்குத் திரும்பினார்கள். ஊருக்கு ஆளேற்றிச் செல்லும் ரஜூலா கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். அண்ணன் நீலக் கார்டு, தம்பி சிவப்புக் கார்டு என்று ஒரே அறை இரண்டாகப் பிரிந்த வருடம் அது. அந்த அறையில் வைக்க அதிகப் பொருள் தேவையில்லை. ஒரு தகரப் பெட்டி, அதில் பாதி மடித்து வைத்த துணி, கார்டுகளைப் பத்திரப்படுத்திய ஒரு பிஸ்கட் டின். அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தால் தொடப்படாமல் விட்ட இன்னொரு அறை: தொங்கும் தாள், உளுத்த பலகை, எல்லாம் அப்படியே.

இதைச் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, அதன்கீழ் ஒரு கட்டடத்தைப் பாரம்பரியமாக அறிவிக்க அது அரண்மனையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தோட்ட நிறுவனங்கள் தங்கள் தொடக்க வருடத்தைப் பொட்டலத்தில் பெருமையாக அச்சிடுகின்றன. நியாயமான பெருமை. அந்த வருடத்தில் கன்று நட்டவரின் அறையும் அந்தப் பெருமையின் பங்குதாரர்தான். சுங்கை பாலாஸ் தேநீர் மையத்தின் மேடையில் நின்று பச்சைச் சரிவைப் படம் பிடிக்கும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் லயத்துக்கு இறங்கி வந்தாலும் பராமரிப்புச் செலவு கையைக் கடிக்காது.

பணத்தையும் அனுமதியையும் பிறகு பேசிக்கொள்ளலாம். நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை வேறு. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டியை உட்கார வைத்து, லயத்து அறையின் தரைப்படத்தை வரைந்து வாங்கட்டும். அம்மி எங்கே, தொட்டில் எந்தக் கட்டையில், வேலைச்சட்டை காயும் கயிறு எந்தப் பக்கம், கொழுந்துக்கூடை உள்ளேயா அஞ்சடியிலா, மழைக்கு எந்த மூலையில் சட்டி வைத்தார்கள். ஒரே லயத்தைச் சேர்ந்த நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலையும் குறித்து வைக்க வேண்டும். பலகைக்கு ஒட்டுப்போட அடுத்த தலைமுறையிலும் தச்சர் கிடைப்பார். அம்மி இருந்த இடத்தைச் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது.

அறை மீண்ட பிறகு அதற்கு ஒரு சம்பளக்காரர் வேண்டும். தினமும் காலையும் மாலையும் குசினியில் விறகடுப்பை மூட்டி, பலகை உலரும்வரை எரியவிட்டு, பிறகு அணைக்கிற வேலை. இதற்கு ஈரமானியும் மின்விசிறியும் வாங்கி வைப்பதைவிட, தோட்டத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெண்ணை எடுப்பது நல்லது. எந்த விறகு அதிகம் புகையும், எது குறைவாகப் புகையும் என்று அவருக்குத்தான் தெரியும். வருகிறவர்கள் கேட்டால் அவரே கதை சொல்வார், விருப்பமிருந்தால் தேத்தண்ணீரும் போட்டுக் கொடுப்பார். அவரைத் தொண்டூழியர் என்று சொல்லிவிடாமல், மாதச் சம்பளமும் ஊழியர் சேமநிதியும் போட்டு வேலைக்கு வைக்க வேண்டும்.